க்ரெச் மைக்கும் கவினின் சோறும்

1. முதல் நாள்

ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியின் குழந்தைகள் காப்பகமான க்ரெச்சில் பொறுப்பாளராகச் சேர்ந்த முதல் நாளே ஒரு குழந்தை என் புடவையில் சாம்பார் சோற்றைத் துப்பியது. மறுநாள் அதே குழந்தை அதே சாம்பார் சோற்றை இரண்டு தட்டு வாங்கித் தின்றது. இடையில் என்ன நடந்தது என்று அன்றைக்கும் புரியவில்லை, ஓய்வு பெற்ற பிறகும் புரியவில்லை. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். குழந்தைகளின் நாக்கைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியும் என்று சொல்கிறவர்களை நான் நம்புவதும் இல்லை.

எங்கள் க்ரெச் தையல் ஹாலுக்கு அடுத்த கட்டடம். அம்மாக்கள் ஹாலில் அப்பர் தைப்பார்கள். ஷூவின் மேல்பாகத்துக்கு அதுதான் பெயர். ஒருவர் தைத்த பீஸ் கன்வேயரில் அடுத்தவரிடம் போகும். ஒருவர் எழுந்தால் அடுத்திருப்பவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அதனால் காய்ச்சல், அடி, சாப்பிட மறுப்பது ஆகியவற்றுக்கு மட்டும் அம்மாவின் டோக்கன் நம்பரை மைக்கில் கூப்பிடலாம் என்று விதி. அந்த மைக்கின் ஸ்பீக்கர் ஒன்று க்ரெச் சுவரிலும் இருந்தது.

2. கவின்

கவினுக்கு மூன்று வயது நிறையவில்லை. அவன் அம்மா சரளா பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து அவனையும் தூக்கிக்கொண்டு கம்பெனி வேனில் வருவாள். ஒரு வாரம் தயிர்சாதம் தவிர வேறெதையும் தொடமாட்டான். அடுத்த வாரம் தயிரைப் பார்த்தாலே அழுவான். முட்டையில் மஞ்சள் கரு மட்டும் வேண்டும் என்பான், பிறகு வெள்ளை மட்டும் போதும் என்பான்.

"இவனுக்கு ஆக்கிப்போட தனியா ஒரு ஆள் வைங்க மிஸ், எனக்குப் பேஜாரா கீது" என்றாள் எங்கள் சமையல்காரி தேவகி.

பிறகு எதுவுமே வேண்டாம் என்றான். சரளாவை மைக்கில் கூப்பிட்டேன். ஓடி வந்து ஊட்டினாள். அவளிடமும் நாலு வாய்க்கு மேல் வாங்கவில்லை. மறுநாளும் கூப்பிட்டேன், அதற்கு மறுநாளும்.

வாரக் கடைசியில் மற்ற குழந்தைகளும் வாயை மூடிக்கொண்டன. மைக்கில் டோக்கன் நம்பர்கள் வரிசையாகப் போயின. கன்வேயர் நின்றது. லைன் சூப்பர்வைசர் பாஷா பாய் நேரில் வந்துவிட்டார்.

"இன்னா மிஸ், சோத்துல இன்னா போடுறீங்க? அத்தினி புள்ளைங்களும் ஒண்ணா வாயக் கட்டிக்கிச்சா?"

"நீங்களே தின்னு பாருங்க பாய்."

தின்றார். "உப்பு கொஞ்சம் கம்மி. மத்தபடி ஷோக்கா கீது" என்று இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டார். சோறு நன்றாக இருக்கிறது என்றதும் என் குழப்பம் இன்னும் அதிகமானது. உப்பைக் கூட்டினோம், புளியைக் குறைத்தோம், தட்டின் நிறத்தைக்கூட மாற்றிப் பார்த்தோம்.

போகும்போது பாய் குரலைத் தாழ்த்தினார். "மத்தவங்கள வுடுங்க. சரளா டெய்லி எழுந்து வர்றத மேனேஜர் பாத்துட்டாரு. இன்னொரு தபா லைன்லேர்ந்து எழுந்தா வேலைக்கே வரவேணாம்னுட்டாரு. அவ சம்பாத்தியத்துல ஓடுற வீடு மிஸ், பாத்துக்குங்க."

கூப்பிட்டால் அவளுக்கு வேலை போகும். கூப்பிடாவிட்டால் பிள்ளை பட்டினி.

3. மைக் ரிப்பேர்

அடுத்த வேலைநாள் மைக் பழுதாகிவிட்டது. குழந்தைகள் தட்டைத் தள்ளிவிட்டு ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மைக்கு பேசல மிஸ்?" என்றாள் ஒரு வாண்டு.

"ரிப்பேர்" என்றேன்.

சற்று நேரம் யோசித்தார்கள். பிறகு ஒவ்வொருவராகத் தட்டை இழுத்துச் சாப்பிட ஆரம்பித்தார்கள். அடப் பாவிகளா! சாப்பிடாமல் இருந்தால் அம்மா வருவாள் என்று கவினைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். தேவகியும் நானும் சிரித்துவிட்டோம். விஷயம் முடிந்தது என்று திரும்பினால் கவின் தட்டு மட்டும் வைத்தது வைத்தபடி இருந்தது.

கெஞ்சினேன், கதை சொன்னேன், அதட்டினேன். அசையவில்லை. லைனுக்கு லஞ்ச் விட்டதும் நானே ஹாலுக்குப் போனேன். சாப்பாட்டு நேரத்தில் அவள் வருவதை எந்த மேனேஜர் தடுப்பார்? எல்லோரும் கேன்டீனுக்குப் போயிருந்தார்கள். சரளா மட்டும் மெஷினில் குனிந்திருந்தாள்.

"நீ சாப்பிடப் போகலயா?"

"எழுந்து வந்த நாள்ல நின்னுபோன பீஸ் கீது மிஸ். லஞ்ச்ல உக்காந்து முடிச்சுக் குடுத்துடுறேன். ஒரு வாரமா அப்படித்தான்."

"அப்ப உன் சோறு?"

"டப்பா அப்படியே வூட்டுக்குப் போவுது."

அவளையும் டப்பாவையும் இழுத்துக்கொண்டு வந்தேன். கவின் எங்கள் தட்டைப் பார்க்கவே இல்லை. அம்மாவின் டப்பாவை வாங்கித் திறந்தான். உள்ளே எட்டிப் பார்த்தான். கை நிறையச் சோற்றை அள்ளி அவள் வாயில் திணித்தான். அவள் விழுங்குகிறாளா என்று பார்த்தான். மறுபடியும் திணித்தான். அதற்குப் பிறகுதான் ஒரு வாய் தனக்கு வைத்துக்கொண்டான். கத்தரிக்காய்க் காரக்குழம்பு. நாங்கள் கொடுத்திருந்தால் ஊரைக் கூட்டியிருப்பான். மூக்கும் கண்ணும் ஒழுகத் தின்றான்.

"சாயங்காலம் வேன்ல ஏறுனதும் டெய்லி என் டப்பாவத் தொறந்து பாப்பான் மிஸ். வெளையாடுறான்னு நெனச்சிக்கினேன்" என்றாள் சரளா. சொல்லும்போதே அழுதுவிட்டாள். எனக்கும் தாங்கவில்லை.

பாஷா பாயிடம் போய் ஒரு பிடி பிடித்தேன். "நானா உக்காரச் சொன்னேன்?" என்று அவரும் கத்தினார். ஆனால் மறுநாளிலிருந்து லஞ்ச் பெல் அடித்ததும் அந்த லைனின் மெயின் சுவிட்சை அவரே அணைத்தார். சரளா தன் டப்பாவோடு க்ரெச்சுக்கு வந்து கவினோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். லைனிலிருந்து இடையில் எழ வேண்டியிராததால் அவள் வேலையும் தப்பியது.

இதோடு எல்லாம் புரிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, கொஞ்ச நாளில் சோறே வேண்டாம், அப்பளம் மட்டும் போதும் என்று அடம்பிடித்தான். அப்படியானால் அந்த வாரம் அவன் தொடர்ந்து பட்டினி கிடந்தது அவளுக்காகவா, அல்லது அதுவும் அவன் நாக்கு செய்த வேலைதானா? அத்தனை சின்னப் பிள்ளைக்கு அவ்வளவு யோசனை இருக்குமா? எனக்குத் தெரியவில்லை.

ஒன்றை மட்டும் பழக்கமாக்கிக்கொண்டேன். பிள்ளை சாப்பிடவில்லை என்று எந்த அம்மா ஓடி வந்தாலும், பிள்ளையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் "நீ சாப்ட்டியா?" என்று கேட்பேன். பாதிப் பேர் "மொதல்ல புள்ள சாப்புடட்டும் மிஸ்" என்று பிள்ளையின் தட்டைப் பார்ப்பார்கள்.