கல்லருகில் ஒரு பிள்ளை

மலேசியாவின் தம்பின் ஊருக்கு வெளியே உள்ள பாமாயில் எஸ்டேட்டில் ஆள் உயரக் கல்லொன்றின் முன் நிற்கிறேன். மிகப் பழைய காலத்து மக்கள் இறந்தவர்களுக்காக நட்ட கல் என்கிறார்கள். மலாய்க்காரர்களுக்கு இது உயிருள்ள கல், இன்னமும் வளர்கிறதாம்.

மறுநடவுக்காகக் கிழட்டுச் செம்பனைகளைச் சாய்த்தபடி மண்வாரி இயந்திரம் நெருங்குகிறது. ஓட்டுபவர் ராஜன், வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அனுப்பியவர். களைக்கு மருந்தடிக்கும் லெட்சுமி குறுக்கே வந்து நிற்கிறார்.

"நவுந்துக்குங்கக்கா. கல்லையும் எடுக்கச் சொல்லிட்டாரு மண்டோர்."

"கல்ல எடுத்தாலும் பக்கத்துல தோண்டாத தம்பி. என் மூத்த புள்ள அங்கதான் இருக்கு."

ராஜன் இயந்திரத்தை நிறுத்துகிறார்.

"பொறக்கறப்பவே மூச்சு இல்ல. சுடுகாட்டுல ஒத்தையா கெடக்குமேன்னு எங்க வீட்டுக்காரரு இங்க கொண்டாந்து பொதச்சாரு. இங்கன்னா பெரியவங்க துணைக்கு இருப்பாங்கல்ல."

சொல்லும்போது அவர் குரல் மாறவில்லை. தமிழ்நாட்டு அகழாய்வுக் குழியொன்றில், ஈமத்தாழிகளுக்கு நடுவே மிகச் சிறிய தாழி ஒன்றைப் பார்த்திருக்கிறேன். பெரிய தாழியை ஒட்டி அதை ஏன் வைத்தார்கள் என்று அன்று யாரும் சொல்லவில்லை.

ராஜன் கீழே இறங்குகிறார்.

"எந்தப் பக்கம்க்கா?"

லெட்சுமி கை காட்டுகிறார். ராஜன் செம்பனை மட்டைகளை வெட்டிவந்து, அந்த இடத்தையும் கல்லையும் சேர்த்துச் சுற்றிலும் ஊன்றுகிறார்.

"கல்லும் இருக்கட்டும்லா. மண்டோர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

இயந்திரம் அடுத்த நிரைக்குத் திரும்புகிறது. லெட்சுமி மருந்து நிரப்பிய தோம்பை முதுகில் மாட்டிக்கொண்டு அதன் பின்னே நடக்கிறார்.