நல்ல இடம் என்று எழுதினேன்

கச்சிபௌலியில் ஒரு ஐ.டி. கம்பெனியில் நான்கு வருஷம் வேலை பார்த்தேன். ஹப்சிகுடாவிலிருந்து கம்பெனி கேப் வண்டியில் போக ஒன்றரை மணி நேரம், வர இரண்டு மணி நேரம். ஒரு நாள் எங்கள் டீமையே கலைத்துவிட்டார்கள். மீட்டிங் ரூமில் உட்கார வைத்து, நீங்களாகவே ராஜினாமா கொடுத்துவிட்டால் நல்லது என்றார்கள். கொடுத்தேன். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. அம்மா ஜாதகத்தை வெளியே எடுத்தாள். நான் இணையத்தில் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளிநாட்டுப் பண்ணைகளில் தினமும் சில மணி நேரம் வேலை செய்தால் தங்க இடமும் சாப்பாடும் தருகிறார்கள். அதற்கென்றே ஒரு தளம் இருந்தது. ஒவ்வொரு பண்ணைக்கும் ஒரு பக்கம், புகைப்படங்கள், கீழே அங்கே தங்கி வந்தவர்களின் கருத்துகள். கையில் காசு அதிகம் இல்லாதவள் ஐரோப்பாவைப் பார்க்க அதைவிட்டால் வழி இல்லை.

அப்பா பாலாநகரில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் ஷாப்பில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். எங்கள் குடும்பம் வேலூர் பக்கத்திலிருந்து ரயில்வே வேலைக்காக செகந்திராபாத் வந்து மூன்று தலைமுறை ஆகிறது. அப்பாவின் தமிழ் மட்டும் இன்னும் வேலூர்த் தமிழ்தான்.

"இன்ஜினியரிங் படிச்சது ஆடு மேய்க்கவா?" என்றார்.

"ஊர் பார்க்கப் போறேன்பா. தங்கறதுக்குப் பதிலா கொஞ்சம் வேலை. அவ்வளவுதான்."

"யாரு வூட்ல தங்குவே? அவங்கள உனக்குத் தெரியுமா?"

"அங்க தங்கினவங்க எல்லாம் எழுதியிருக்காங்க. நீங்களே பாருங்க."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தார். ஒவ்வொரு கருத்தையும் உதடு அசையப் படித்தார். முழுசாக ஒரு மணி நேரம். கடைசியில், "எல்லாரும் நல்லவங்கன்னுதான் எழுதியிருக்காங்க" என்று எழுந்து போனார். அதுதான் அனுமதி.

முதல் இடம் இத்தாலியில், ஆலிவ் தோட்டம். கணவனும் மனைவியும் பள்ளிக்கூட ஆசிரியர்களாக இருந்து ஓய்வு பெற்றவர்கள். மரத்தடியில் பச்சை வலையை விரித்து, நீளப் பிடி போட்ட சீப்பால் கிளையை வாரினால் காய்கள் மழைபோல் உதிரும். மாலையில் தோள் கழன்றுவிடும் போலிருக்கும். செக்கிலிருந்து வந்த புது எண்ணெயை ரொட்டியில் ஊற்றிக் கொடுத்தார்கள். தொண்டையில் மிளகு போல் எரிந்தது. ஒரு மாதம் சோறே இல்லை, நான் தேடவும் இல்லை. அந்த அம்மாள் என் கையுறை கிழிந்ததைப் பார்த்து, கேட்காமலே தைத்து வைத்தாள். அந்த ஒரு மாதத்தை நான் யாரிடமும் சரியாகச் சொன்னதே இல்லை. அடுத்து நடந்தது அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டது.

இரண்டாவது இடம் போர்ச்சுகலில், மலைப்பக்கம். பதினாறு ஆடுகள். சொந்தக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். அந்த நாட்டுக்காரர் இல்லை. ஐரோப்பாவின் வடக்குப் பக்கத்திலிருந்து வந்து நிலம் வாங்கிக் குடியேறியவர். பஸ் நிற்கும் இடத்துக்குப் பழைய வேனில் வந்தார். இன்னும் இரண்டு பெண்கள் தங்கியிருப்பதாகத் தளத்தில் போட்டிருந்தது. போனபோது யாரும் இல்லை.

"போன வாரம்தான் கிளம்பினார்கள்" என்றார்.

எனக்குக் கொடுத்தது சக்கரம் இறங்கிப்போன ஒரு கேரவன், படுக்கை வைத்த வண்டிவீடு. கதவில் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் இரண்டு ஓட்டைகள்தான் இருந்தன. குளிக்கும் இடம் வெளியில், மூன்று பக்கம் தார்ப்பாய், நாலாவது பக்கம் மலை. மலையில் யார் இருக்கப்போகிறார்கள் என்று சிரித்தார். நான் குளிக்கப் போகும்போதெல்லாம் அவருக்கு மலைமேல் தண்ணீர்த் தொட்டியில் ஏதாவது வேலை வந்தது. முதல் நாள் தற்செயல் என்று நினைத்தேன். நாலாம் நாளிலிருந்து அவர் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போகும் நேரமாகப் பார்த்துக் குளித்தேன். இரண்டு நாளில் அவர் மேய்ச்சல் நேரத்தை மாற்றிக்கொண்டார்.

விடிந்தால் பால் கறக்க வேண்டும், கொட்டிலைக் கழுவ வேண்டும். பிறகு முள்புதர் வெட்டுவது, விறகு அடுக்குவது. ஐந்து மணி நேரம் என்று போட்டிருந்தது ஒன்பது மணி நேரம் ஆனது. சமையலறை அவர் வீட்டுக்குள் இருந்தது. அவர் திறந்தால்தான் சாப்பாடு. போனில் சிக்னல் வேண்டுமென்றால் தொட்டி வரை ஏற வேண்டும்.

"இந்தியப் பெண்கள் குறை சொல்ல மாட்டார்கள். அதுதான் எனக்குப் பிடிக்கும்" என்று ஒரு நாள் சொன்னார். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: அன்று எனக்குப் பெருமையாக இருந்தது.

மூன்றாவது வாரம் ஒரு காலையில் பால் கறந்துகொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றவர் என் கழுத்தில் கையை வைத்தார். ஆட்டைத் தட்டிக்கொடுப்பது போலத் தடவினார். பிறகு கை சட்டைக் காலருக்குள் இறங்கியது. நான் நிறுத்தவில்லை. பால் கறந்துகொண்டே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஆடு காலை உதறி வாளியைத் தள்ளியது. அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். நான் வாளியை நிமிர்த்தி, மிச்சமிருந்த ஆடுகளையும் கறந்து முடித்தேன்.

மறுநாள், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, போக வேண்டும் என்று பொய் சொன்னேன். அவர் மறுப்பே சொல்லவில்லை. வேனில் கொண்டுவந்து விட்டார். பஸ் வர இருபது நிமிஷம் இருந்தது. நான் இறங்கி நின்றேன். என் பை வேனுக்குள்ளேயே இருந்தது.

"இங்கே சிக்னல் நன்றாக இருக்கிறது. இப்போதே கருத்து எழுதிவிடேன். உனக்கு நானும் நல்லதாக எழுதுகிறேன்" என்றார். பின்கதவில் சாய்ந்து நின்றுகொண்டார்.

ஐந்து நட்சத்திரம் போட்டேன். அழகான மலை, அன்பான மனிதர், ஆடுகளைப் பிரிய மனமில்லை என்று எழுதினேன். போனை வாங்கிப் படித்துப் பார்த்தார். அப்புறம்தான் பையை இறக்கிக் கொடுத்தார்.

பஸ்ஸில் உட்கார்ந்து அதே பக்கத்தை மறுபடி படித்தேன். எனக்கு முன்னால் எழுதியவர்கள் அத்தனை பேரும் பெண்கள். எல்லோரும் மலையைப் பற்றியும் ஆடுகளைப் பற்றியும் எழுதியிருந்தார்கள். மனிதரைப் பற்றி எழுத வேண்டிய இடத்தில் ஒரே வார்த்தையோடு நிறுத்தியிருந்தார்கள். எந்த இடத்தில் நின்று எழுதியிருப்பார்கள் என்று அப்போதுதான் புரிந்தது.

மிச்சத் திட்டத்தை விட்டுவிட்டு ஊர் திரும்பினேன். "கறுத்துட்டே" என்று மட்டும் அம்மா சொன்னாள். நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அதுகூடப் பரவாயில்லை. ஆட்டுக்குட்டியை மடியில் வைத்துக்கொண்டிருக்கும் போட்டோக்களை ஒவ்வொன்றாக இன்ஸ்டாகிராமில் போட்டேன். போட்டோவில் நன்றாக இருந்தால் நடந்ததும் நன்றாகத்தான் நடந்தது என்று நம்பப் பார்த்தேனோ என்னவோ. என் போட்டோக்களிலேயே அவற்றுக்குத்தான் லைக் அதிகம்.

மறுபடி கச்சிபௌலியில் ஒரு வேலை கிடைத்தது. ஏழெட்டு மாதம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மாவுக்குக் கோயிலில் பழக்கமான ஒரு பெண்மணி செகந்திராபாத்திலிருந்து மகளோடு வீட்டுக்கு வந்தார். அவர்களும் நம்மவர்கள்தான், ரயில்வே குடும்பம். அந்தப் பெண்ணுக்கு இருபத்து மூன்று வயது. என் போட்டோக்களையெல்லாம் பார்த்திருந்தாள். உட்கார்ந்ததும் போனை நீட்டினாள்.

"அக்கா, இதுதானே நீங்க போன இடம்? அப்ளை பண்ணேன். அன்னிக்கே சரின்னுட்டாரு."

அந்தக் கேரவனின் படம். நான் காபி டம்ளரைக் கீழே வைத்தேன்.

"நான் நக்கோ, வேணாம்னுதான் சொன்னேன்" என்றார் அவள் அம்மா. "நீ போயிட்டு வந்த இடம்னு சொல்லவும்தான் கொஞ்சம் தைரியம் வந்தது. சொல்லும்மா, ஆளு எப்படி?"

என் அம்மா என்னைப் பார்த்தாள். அப்பா பேப்பரைத் தாழ்த்தினார். அந்தப் பெண் சிரித்த முகத்தோடு காத்திருந்தாள்.

"நல்ல இடம் ஆன்ட்டி" என்றேன். "வேலை கொஞ்சம் ஜாஸ்தி, அவ்வளவுதான்."

தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் கிளம்ப மூன்று வாரம் இருந்தது. தினமும் வாட்ஸாப்பில் டைப் செய்து அழித்தேன். சொன்னால் அவள் தன் அம்மாவிடம் சொல்வாள், அவர் என் அம்மாவிடம் சொல்வார், அப்புறம் அப்பா. கடைசியில், "இத்தாலி இடம் இன்னும் நல்லா இருக்கும், அங்க போயேன்" என்று அனுப்பினேன்.

"அங்க இடம் இல்லயாம் அக்கா. எனக்கு ஆடுதான் பிடிக்கும்" என்று பதில் வந்தது, கூடவே ஒரு இதயம். நானும் பதிலுக்கு ஒரு இதயம் போட்டேன்.

போனாள். முதல் வாரம் போட்டோ வந்தது. பிறகு வரவில்லை. சிக்னல் இருக்காது என்று எனக்குத் தெரியும், அதையே பிடித்துக்கொண்டேன். ஐந்து வாரம் கழித்து அவள் அம்மா எனக்கு போன் செய்தார்.

"வந்துட்டாம்மா. ரூமை விட்டு வெளியவே வர மாட்டேங்கறா. கைக்கு, ஏன்னு கேட்டா ஒண்ணும் சொல்றதில்ல. நீ போன இடம்தானே, வந்து பேசு."

போனேன். அவள் அம்மா என்னை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டுப் போனார். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"உங்களுக்கும் அப்படித்தானா?" என்று திரும்பாமலே கேட்டாள்.

"ஆமா."

"என்ன பண்ணான்?"

சொன்னேன். குளிக்கும் இடம், தொட்டி, பால் கறந்த காலை. ஒருவரிடம் அதை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் கடைசி வரை கேட்டாள்.

"அவ்வளவுதானா?" என்றாள்.

அவளுக்கு என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவை இருக்கவில்லை.

"அன்னிக்கு ஏன் சொல்லல?"

"எல்லாரும் இருந்தாங்க."

"அப்புறம்?"

நான் கலைந்து கிடந்த போர்வையை மடிக்கத் தொடங்கினேன். அவள் எழுந்து உட்கார்ந்தாள். கைகளில் முள் கிழித்த கோடுகள்.

"கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லன்னாவது சொல்லியிருக்கலாம் அக்கா. ஒரு பூட்டு வாங்கிட்டுப் போயிருப்பேன்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. மறந்துபோன ஒரு சாமானை நினைவுபடுத்துவது போலத்தான் சொன்னாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இரண்டு பேரும் சேர்ந்து அந்தத் தளத்துக்குப் புகார் எழுதலாம் என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். "நக்கோ அக்கா. நானும் நல்லாத்தான் எழுதிட்டு வந்தேன். பஸ் ஸ்டாப்ல வெச்சு."

நான் மட்டும் எழுதினேன். நடந்ததை நடந்தபடி, தேதி உட்பட. பத்து நாள் கழித்து பதில் வந்தது. வருந்துகிறோம், ஆனால் நீங்களே அந்த இடத்துக்கு முழு மதிப்பெண் கொடுத்திருக்கிறீர்கள், உங்களுக்குப் பிறகு தங்கியவரும் அப்படியே, சொந்தக்காரரிடம் பேசுகிறோம், என்று. என் கருத்தை எடுத்துவிடுங்கள் என்று கேட்டேன். குறிப்பிட்ட நாளுக்குப் பிறகு மாற்ற முடியாது என்றார்கள். மறுபடி எழுதினேன், மூன்று தடவை. அதோடு என் கணக்கை முடக்கிவிட்டார்கள்.

அதற்கப்புறம் அம்மாவிடம் சொன்னேன். சமையலறையில் நின்றுகொண்டே சொன்னேன். அவள் அடுப்பை அணைத்தாள். கரண்டியைக் கழுவினாள். கழுவியதையே மறுபடி கழுவினாள்.

"அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தப் பொண்ணோட அம்மா கேட்டா, உனக்கு எதுவும் தெரியாதுன்னு சொல்லிடு" என்றாள்.

"எனக்குத் தெரியும்மா. தெரிஞ்சுதான் அனுப்பினேன்."

"வாயை மூடு" என்றாள். அவள் அழுதுகொண்டிருந்தாள். என் தோளைத் தொட வந்த கை பாதியில் நின்று, முந்தானையைப் பிடித்துக்கொண்டது. அன்று முதல் வீட்டில் ஜாதகப் பேச்சு நின்றது.

ஆனாலும் அந்தப் பெண்ணின் அம்மாவிடம் போய் நான் சொன்னேன். வாசல் கதவைப் பிடித்தபடியே கேட்டார். உள்ளே வா என்று சொல்லவில்லை. எல்லாம் கேட்டுவிட்டு, "உன்னை நம்பித்தானேம்மா அனுப்பினேன்" என்றார். நான் படியிறங்கும் வரை கதவைச் சாத்தவும் இல்லை.

அந்தப் பெண்ணைச் சென்னையில் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வேலைக்குப் போவதாக யாரோ சொன்னார்கள். போகவில்லை என்றும் சொன்னார்கள். வாரம் ஒரு தடவை அவளுக்கு ஏதாவது எழுதுகிறேன். படித்துவிட்டாள் என்று நீல டிக் காட்டும். அதற்கு மேல் ஒன்றும் வராது. அதுவும் நின்றுவிடுமோ என்று ஒவ்வொரு வாரமும் பயமாக இருக்கிறது.

இன்னொரு பெயரில் கணக்குத் தொடங்கி அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கேப் வண்டியில் போகும்போது பார்ப்பேன், வரும்போதும் பார்ப்பேன். அங்கே போகப்போகிற பெண்கள் யார் என்று தெரிந்தால் முன்கூட்டியே சொல்லிவிடலாம். ஆனால் அது தெரிவதில்லை. போய் வந்தவர்களின் பெயர்தான் தெரிகிறது. போன மாதம் புதிதாக ஒரு பெயர் வந்தது. எந்த நாட்டுப் பெண் என்றுகூடப் புரியவில்லை. எனக்கு நடந்ததை எழுதி, உனக்கும் நடந்ததா என்று கேட்டு அனுப்பினேன். இதுவரை பதில் இல்லை.