ஐந்து மடங்கு வளர்ந்த ரிப்பேர் கடை

அவரைச் சவடால் என்று கூப்பிட்டால் கோபம் வராது. வெறும் மெக்கானிக் என்று கூப்பிட்டால்தான் வரும். "தலைமை மெக்கானிக்னு சொல்லுங்க," என்பார். கடையில் இருப்பதே அவர் ஒருவர்தான். யாருக்குத் தலைமை என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அதற்கும் ஒரு கதை வைத்திருப்பார்.

வாய் என்றால் அப்படி ஒரு வாய். பக்கத்து வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் நூற்றொன்று என்றால் இவருக்குப் போன வாரமே நூற்று மூன்று. மச்சான் வீடு வாங்கினார். அதே வீட்டை இவர் முன்னமே பார்த்து, தண்ணீர் சரியில்லை என்று விட்டுவிட்டாராம். இளவயதில் மின்விசிறி செய்யும் கம்பெனி ஒன்றில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். நஷ்டம் என்று கம்பெனியை இழுத்து மூடி எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதை இவர் சொல்லும் அழகே தனி. "நான் வெளியே வந்தேன். கம்பெனி படுத்துருச்சு." கெட்ட மனுஷனா என்றால் இல்லவே இல்லை. வேலையில் ஏமாற்ற மாட்டார், கூலியில் அடம் பிடிக்க மாட்டார். 'சுமார்' என்ற ஒரே ஒரு சொல்தான் அவர் வாய்க்குள் நுழையாது.

இப்படிப்பட்டவருக்குத்தான் வட்டாரத் தொழில் வளர்ச்சி மையத்தில் ஓர் அறை கிடைத்தது. நல்ல திட்டம், குறை சொல்வதற்கில்லை. புதுத் தொழில் தொடங்குகிறவர்களுக்குக் குறைந்த வாடகையில் இடம். பழசைத் தூக்கி எறியாமல் பழுது பார்ப்பதும் ஊருக்கு நல்லது, அதுவும் புதுமைதான் என்று கொள்கையில் ஒரு வரி இருந்தது. அந்த வரியைப் பிடித்துக்கொண்டு இவர் தரைத்தளத்து மூலை அறைக்குள் நுழைந்துவிட்டார். பக்கத்து அறையில் காகிதப் பை செய்கிறவர்கள். மாடியில் கைபேசிச் செயலி செய்கிறோம் என்று இரண்டு பையன்கள் நாள் முழுக்கத் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்கள். சுற்றியிருந்த தெருக்களிலிருந்து மிக்சி, இஸ்திரிப் பெட்டி, மின்விசிறி என்று வந்துகொண்டே இருக்கும். வாழ்க்கை ஓடியது.

விதிமுறையில் இன்னொரு வரியும் இருந்தது. நன்றாக வளர்ந்துவிட்ட தொழில், அறையைப் புது ஆளுக்கு விட்டுவிட்டு ஊருக்கு வெளியே உள்ள தொழிற்பேட்டைக்குப் போக வேண்டும். அந்த வரியை மையத்துக்காரர்கள் படித்துக் காட்டியபோது நம்மவர் தன் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கே காதில் விழப்போகிறது?

வருஷத்துக்கு ஒரு தடவை மையத்து அலுவலர் பெண் ஒவ்வோர் அறையாக வந்து விசாரிப்பாள். "தொழில் பரவாயில்லையா அண்ணே?" என்று கேட்டாள் முதல் வருஷம். பரவாயில்லையாவா! "இரட்டிப்பாயிருச்சும்மா," என்றார். அடுத்த முறை அவள் வந்த நேரம், பக்கத்து அறைக்காரர் மூன்று மடங்கு என்று சொன்னது இவர் காதில் விழுந்து தொலைத்தது. விடுவாரா? "அஞ்சு மடங்கு! எழுதிக்கோ." அந்தப் பெண்ணும் பாவம், எழுதிக்கொண்டாள்.

கொஞ்ச நாளில் மையத்தின் வாசலில் ஒரு பேனர் ஏறியது. மிக்சி ஜாரை நெஞ்சோடு அணைத்தபடி சவடால் சிரித்தார். கீழே, 'ஐந்து மடங்கு வளர்ச்சி! நம் வட்டாரத்தின் பெருமை!' என்று கொட்டை எழுத்து. அன்றைக்கு அவர் கால் தரையில் படவில்லை.

மத்தியானம் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வந்த மனைவி வாசலிலேயே நின்று பேனரை மேலும் கீழும் பார்த்தாள். வீட்டில் தையல் மெஷினை மிதித்து மிதித்து முழங்கால் தேய்ந்த பெண் அவள். உள்ளே வந்தாள். பாத்திரத்தைக் கீழே வைக்கவில்லை.

"அஞ்சு மடங்கா?"

"பார்த்தியா? எப்படி!"

"வீட்டுக்கு வர்றது ஒரு மடங்குதானே. மீதி நாலு மடங்கு எங்கே போகுது?"

அவருக்கு வியர்த்துவிட்டது. "அட, சும்மா சொன்னதுடி," என்றார். அவள் நம்பவில்லை. எவளுக்குப் போகுது என்று கேட்கிற அளவுக்குப் போய்விட்டது. கல்லாவைக் கவிழ்த்துக் காட்டி, காகிதப் பைக்காரரைச் சாட்சிக்கு இழுத்து, கடைசியில் பேரப்பிள்ளை காணும் வயதில் தலையில் அடித்துச் சத்தியம் செய்த பிறகுதான் சாப்பாடு கிடைத்தது.

அந்தக் களேபரம் அடங்குவதற்குள் அலுவலர் பெண் சிரித்த முகத்தோடு வந்தாள். "வாழ்த்துகள் அண்ணே! நீங்க வளர்ந்துட்டீங்க. மாசக் கடைசிக்குள்ள அறையைக் காலி பண்ணிடணும். தொழிற்பேட்டையில இடம் ஒதுக்கியாச்சு."

முதல் நிமிஷம் பெருமையாகத்தான் இருந்தது. அடுத்த நிமிஷம் கணக்குப் போட்டுப் பார்த்தார். தொழிற்பேட்டைக்குக் காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். வாடகையோ பெரிய கம்பெனிகள் கொடுக்கிற வாடகை. ஓடாத மிக்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு எந்தப் பெண் பஸ் ஏறி அங்கே வருவாள்? இந்த அறை போனால் கடை போச்சு. இந்த வயதில் வேறெங்கே போய்க் கடை போடுவது?

"தவளை தன் வாயால கெடும்னு உங்களை நினைச்சுத்தான் சொல்லி வச்சாங்க," என்றாள் மனைவி. "மையத்துக் கமிட்டி கூடுதாம். போய் உண்மையைச் சொல்லிடுங்க."

"எல்லார் முன்னாலயுமா?"

"அளந்தது மட்டும் எல்லாருக்கும் கேட்கலாமா?"

வீட்டிலேயே ஒத்திகை நடந்தது. அவள்தான் கமிட்டித் தலைவர். மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, "தொழில் எப்படிப் போகுது?" என்று கேட்டாள்.

"சு... சுமாரா போகுது. ஆனா பேரு இருக்கே, அது நாலு ஊருக்கு..."

"நிறுத்துங்க! மறுபடியும் முதல்லேருந்து."

மேசையைத் தட்டித் தட்டி அவள் கைதான் வலித்தது.

கமிட்டி நாள் வந்தது. மாடிக் கூடத்தில் நீள மேசை. நடுவில் தலைவர், பக்கத்தில் அலுவலர் பெண், மற்ற அறைக்காரர்கள் எல்லாரும் பின்னால். மனைவியும் கூடவே வந்து அவருக்குப் பின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். சவடால் எழுந்து வாயைத் திறப்பதற்குள் தலைவர் முந்திக்கொண்டார். "வாங்க வாங்க! உங்களால எங்களுக்கே பெருமை. அஞ்சு மடங்கு, சாதாரண விஷயமா?"

கைதட்டல் வேறு. கேட்க வேண்டுமா? மனப்பாடம் செய்தது எல்லாம் காற்றில் போயிற்று.

"அஞ்சு மடங்கு போன வருஷக் கணக்கு சார். இப்போ..."

பின்னாலிருந்து ஓர் இருமல் வந்தது. அந்த இருமலை அவருக்கு நன்றாகத் தெரியும். திரும்பிப் பார்க்காமலே கழுத்து வரை சூடு ஏறியது.

"பொய் சார்," என்றார். "அஞ்சு மடங்கு இல்லை. இரண்டு மடங்கும் இல்லை. வந்த அன்னைக்கு எப்படியோ அப்படியேதான் ஓடுது. பக்கத்து அறைக்காரர் மூணுன்னார், நான் அஞ்சுன்னேன். அவ்வளவுதான்."

காகிதப் பைக்காரர் மெதுவாகத் தலை குனிந்துகொண்டார். அவருடைய மூன்றின் கதை அவருக்குத்தானே தெரியும்.

தலைவருக்கு முகம் செத்துவிட்டது. "என்னய்யா இது! நம்ம வட்டாரம் வளர்ந்திருக்குன்னு மேலே அறிக்கை அனுப்பியிருக்கோம். அதுல பாதி நீங்க! நீங்க குறைஞ்சா வட்டாரமே குறையும்." பிறகு குரலைத் தாழ்த்தி அலுவலர் பெண்ணிடம், "பேனரை இறக்கிடும்மா. மழை வருதுன்னு சொல்லிடு," என்றார். அப்புறம் இவர் பக்கம் திரும்பினார். "தப்பான தகவல் கொடுத்தவங்களுக்கும் அறை கிடையாது. அதுவும் விதிதான்."

வளர்ந்தாலும் அறை போகும், வளரவில்லை என்றாலும் போகும். இருதலைக் கொள்ளி எறும்பாக நின்றார் சவடால். வாழ்க்கையில் முதல் தடவையாக உண்மை பேசி என்ன கண்டோம் என்று அவருக்கு அழுகையே வந்தது.

நாற்காலி நகரும் சத்தம். மனைவி எழுந்து நின்றாள்.

"இவர் அறையைக் காலி பண்ணினா அது யாருக்குப் போகும் சார்?"

"புதுசா தொழில் தொடங்கறவங்களுக்கு."

"நான் புதுசு. ரிப்பேர் கடை வைக்கப்போறேன். எனக்குக் கொடுங்க."

தலைவர் அலுவலர் பெண்ணைப் பார்த்தார். அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "விதியில இடம் இருக்கு சார். பெண்களுக்கு முன்னுரிமைகூட உண்டு," என்றாள். "ஆனா இனிமே நான் கேட்டு எழுத மாட்டேன். கடையில உட்கார்ந்து பார்த்துத்தான் எழுதுவேன்."

"தாராளமா வாம்மா," என்றாள் மனைவி.

தலைவர் விடவில்லை. "தொழில் தொடங்கணும்னா கையில ஏதாவது இருக்கணுமேம்மா. உங்ககிட்ட என்ன இருக்கு?"

"இவர் இருக்கார்."

"இவரா! பொய் சொன்னேன்னு இப்பத்தானே தன் வாயாலேயே ஒத்துக்கிட்டார்?"

"வாய் ஆயிரம் சொல்லும் சார். அதுக்கு நான் பொறுப்பில்லை. ஆனா இவர் கை பொய் சொல்லாது. இவர் பார்த்துக் கொடுத்த மிக்சி அதே பழுதுக்கு மறுபடி வந்து நான் பார்த்ததில்லை. எங்க வீட்டு மின்விசிறி கல்யாணத்துக்கு முன்னால இவர் சுத்தினது, இன்னும் ஓடுது. இப்படி ஒரு ஆள் கிடைச்சா நீங்க வேலைக்கு வச்சுக்க மாட்டீங்களா?"

சவடால் திரும்பி அவளைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து அவர் கேட்டதே கிடையாது. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. இவர் கொஞ்சம் ஓய்ந்தால்தானே அடுத்தவர் புகழ முடியும்? ஊரே கைதட்டியபோது வராத சந்தோஷம் இப்போது வந்தது, கூடவே வெட்கமும் வந்தது.

தலைவர் சிரித்துவிட்டார். "சரி, சம்பளம் எவ்வளவு கொடுப்பீங்க?"

"முதல்ல ஒரு மாசம் வேலையைப் பார்க்கறேன் சார்."

கூடமே சிரித்தது. பதிலுக்கு இவர் ஏதாவது எடுத்துவிடுவார் என்று எல்லாரும் இவர் வாயையே பார்த்தார்கள். இவரோ, மனைவி கையெழுத்துப் போட வசதியாக நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டுவிட்டு, அதன் பின்னால் போய் நின்றுகொண்டார்.