மதில் மேல் வந்த கஷாயங்கள்

எங்கள் அல்வால் வீட்டு முன்மதிலில் இப்போது பூந்தொட்டிகள் இருக்கின்றன. எனக்குக் கொரோனா வந்து போன காலத்தில் அந்த இடத்தில் தூக்குச் சட்டிகள் இருக்கும். காலையில் கதவைத் திறந்தால் ஏதாவது ஒன்று மூடி போட்டு உட்கார்ந்திருக்கும். அந்த நாட்கள் திரும்ப வந்தால் தேவலை என்றுகூடச் சில சமயம் நினைத்துக்கொள்வேன், காய்ச்சல் இல்லாமல்.

கர்த்தருடைய கிருபையால் காய்ச்சல் சீக்கிரம் விட்டது. வயிறு விடவில்லை. இரண்டு இட்லி தின்றாலே பானை மாதிரி உப்பிக்கொள்ளும், அப்புறம் கழிவறைக்கு ஓட்டம். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்தபோது என் டிபனை முடித்துவிட்டு, பக்கத்து மெஷின்காரருடைய ஜொன்ன ரொட்டி என்கிற சோள ரொட்டியையும் கோங்கூரா என்கிற புளிச்சக்கீரையையும் ஒரு கை பார்த்தவன் நான்.

இந்தத் தெலுங்கு ஊரில் எங்கள் தமிழ்ச் சபையில் முக்கால்வாசிப் பேர் எங்களைப் போலத் திருநெல்வேலிப் பக்கம். கேள்விப்பட்டுவிட்டுச் சும்மா இருப்பார்களா? ஒரு வீட்டிலிருந்து இஞ்சியும் மிளகும், ஒரு வீட்டிலிருந்து பூண்டுப் பால், இன்னொரு வீட்டிலிருந்து என்னவென்றே தெரியாத பச்சை இலைச் சாறு. கேட்டுக்கு வெளியே முகக்கவசத்தோடு நின்று கண்ணை மூடி ஜெபித்துவிட்டு, தூக்கை மதில் மேல் வைத்துவிட்டுப் போவார்கள். காய்ச்சல் விட்டுப் பல மாதமாகியும் வந்துகொண்டே இருந்தது. ஜெபத்தோடு வந்ததை எப்படிக் கீழே ஊற்றுவது? ஜெபத்தையே வேண்டாம் என்கிற மாதிரி எனக்குப் பட்டது. எல்லாவற்றையும் குடித்தேன்.

“வயிறு என்ன வாளியா, வாறதையெல்லாம் ஊத்துறதுக்கு?” என்பாள் என் மனைவி.

“பாசமா கொண்டு வாராவ.”

“அந்தப் பாசத்துல கொஞ்சம் உங்க வயித்து மேல வைங்க.”

மகளுக்குத் தமிழ் புரியும், பேச்சு மட்டும் இந்த ஊர் உருதுப் பேச்சு. “நக்கோ போலோ டாடி, இத்தா கைக்கு பீரே?” என்பாள். வேண்டாம்னு சொல்லுங்க, இவ்வளவு ஏன் குடிக்கிறீங்க என்று அர்த்தம். அந்த ‘நக்கோ’, வேண்டாம் என்கிற ஒரு வார்த்தைதான் எனக்கு வராது.

அப்படி இருக்கையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொரோனாவால் நின்றுபோயிருந்த அசனம் மறுபடி நடக்கும் என்று ஆராதனையில் அறிவித்தார்கள். அசனம் என்றால் கோயில் வளாகத்திலேயே சமைத்து, சபையார் எல்லாரும் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. வேலை கிடைத்து இந்த ஊருக்கு வந்ததிலிருந்து ஒரு அசனமும் நான் விட்டதில்லை. முந்தின சாயங்காலம் ஆண்கள் வட்டமாக உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரிப்போம். யாராவது கீர்த்தனை எடுப்பார்கள். கண்ணீர் வெங்காயத்துக்கா பாட்டுக்கா என்று தெரியாது. மறுநாள் கறிக்குழம்பு வாசனை உள்ளே வந்துவிட்டால் பிரசங்கத்தின் கடைசிப் பாகம் யார் காதிலும் விழாது.

அந்தப் பந்தியில் என் இலை இல்லாமல் போய்விடுமோ என்பதுதான் என் கவலை. அசனத்தில் உட்காருகிற அளவுக்கு வயிற்றைக் கொடும் ஆண்டவரே என்று முழங்கால் போட்டுக் கேட்டேன்.

மகள் என்னை ஹப்சிகுடாவில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனாள். என்னவெல்லாம் குடிக்கிறேன் என்று மனைவி ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். ஏற்கெனவே நொந்த குடலில் தினம் இத்தனை காரம் போனால் எப்படி ஆறும், எல்லாவற்றையும் நிறுத்துங்கள், காரமில்லாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள், மெதுவாகத்தான் சரியாகும் என்று தெலுங்கில் சொன்னார்.

அன்றைக்கே மனைவி சபை வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினாள். “எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இனிமே மதில் மேல ஜெபம் மட்டும் வைங்க. தூக்கு வேண்டாம்.”

மறுநாள் மதில் காலி. ஆறுதலாகவும் இருந்தது, வெறிச்சென்றும் இருந்தது.

குழைந்த கஞ்சியும் மோருமாக நாட்கள் போயின. ஓட்டம் குறைந்தது, உப்பல் முழுக்கப் போகவில்லை. அசனத்தன்று பயந்துகொண்டேதான் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தேன். எத்தனையோ வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்த நண்பர்தான் கறி வாளியோடு வந்தார். மிளகுக் கஷாயம் அவர் வீட்டுடையது.

“அண்ணாச்சி, கறி?”

“நக்கோ,” என்றேன். எதிர் வரிசையில் மகள் சிரித்துவிட்டாள்.

“எங்க வீட்டுக் கஷாயந்தான் வேலையக் காட்டிட்டோ?”

“உங்க வீட்டுக்கு மட்டும் அந்தப் பேர் போகக் கூடாது. எல்லா வீடும் சேர்ந்துதான்.”

பந்தியே சிரித்தது. அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு, “அடிச்சட்டில நல்லாக் குழைஞ்ச சோறு கெடக்கும், இரிங்க,” என்று போய் ஒரு கரண்டி கொண்டுவந்து வைத்தார். மோரை ஊற்றி, தானே உப்புப் போட்டார். மெதுவாக மென்று சாப்பிட்டேன். இலையை மடிக்கும்வரை வயிறு ஒரு சத்தம் போடவில்லை.

ஸ்கூட்டரில் வரும்போது பின்னாலிருந்து மனைவி கேட்டாள். “வயிறு எப்படி இருக்கு?”

“இருக்கு.”

“ஸ்தோத்திரம்,” என்று தோளைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த நண்பர் இப்போது சென்னையில் மகன் வீட்டில் இருக்கிறார். நான் கறியும் குழம்புமாகச் சாப்பிடுகிறேன். ஆனாலும் அசனம் வந்தால், கடைசியில் அடிச்சட்டிச் சோறு ஒரு கை கேட்டு வாங்கி மோர் ஊற்றிக்கொள்கிறேன்.