ஒன்பதாம் சாலை வில்மா

அந்தக் கரையிடம் தோற்ற மறுநாள் எங்கள் கல்லூரி தன் கால்பந்துப் பயிற்சியாளரை வீட்டுக்கு அனுப்பியது. அந்தக் கரை என்பது ஆற்றுக்கு அப்பால் இருக்கும் கல்லூரி. எங்கள் ஊர் ஹாலோவேயில் யாரும் அதன் பெயரைச் சொல்வதில்லை. நன்றி சொல்லும் நாளின் வான்கோழி மிச்சம் இன்னும் குளிர்பெட்டியில் இருந்தது, அதற்குள் ஊருக்கு ஒரே ஒரு பேச்சுதான் மிஞ்சியது. முடிவெட்டும் கடையிலும் பெட்ரோல் பங்கிலும் தேவாலயப் படிகளிலும் அதே கேள்வி. ராய்ஸ் ஸ்ட்ரிக்லினைக் கூப்பிடலாமா, கூடாதா?

ராய்ஸ் எங்கள் ஊர்க்காரர். நான் கைக்குழந்தையாக இருந்தபோது எங்கள் அணிக்குப் பந்து எறிந்தவர்; இங்கே கால்பந்து என்பது கையால் எறிந்து ஆடுவது. அந்தக் கரைக்கு எதிரான ஆட்டத்தில், நேரம் முடிகிற கணத்தில், மைதானத்தின் பாதி தூரத்துக்கு ஒரு பந்தை எறிந்து ஜெயித்தார். அந்த முட்டை வடிவப் பந்து காற்றில் நிற்கிற புகைப்படம் வங்கியில் இருக்கிறது, பல் மருத்துவரின் அறையிலும் இருக்கிறது. இப்போது கென்டக்கியில் ஒரு சின்னக் கல்லூரிக்குப் பயிற்சியாளர்.

நான் உள்ளூர் வானொலியில் வேலை பார்க்கிறேன். மாலை நான்கிலிருந்து ஆறு வரை பட்ஜ் ஹாலமன் நேயர்களோடு கால்பந்து பேசுவார். வருகிற அழைப்பை எடுத்து, பெயரும் ஊரும் கேட்டு, என்ன சொல்லப் போகிறார்கள் என்பதைத் திரையில் ஒரு வரியில் தட்டிவிட்டு அவருக்கு இணைப்பது என் வேலை. எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அப்பா கோழி இறைச்சி ஆலையில் வேலை செய்கிறார். "நாலு வருஷம் படிச்சுட்டு போன் எடுக்கறியாம்மா?" என்று ஒருநாள் கேட்டார். குத்திக் காட்டவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த வாரம் அழைத்தவர்களில் பெரும்பாலோர் ராய்ஸ் பக்கம். நம்ம ரத்தம், அந்தக் கரையிடம் தோற்றால் எப்படி வலிக்கும் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம் என்றார்கள். வெளியூர்க்காரன் வந்து பெட்டியைப் பிரிக்கும் முன்பே அடுத்த வேலை தேடுகிறான், இவன் அப்படியில்லை என்றார்கள். எதிர்த்தவர்கள், சின்னக் கல்லூரியில் ஜெயிப்பது ஒரு ஜெயிப்பா, பழைய போட்டோவைப் பார்த்துச் சம்பளம் கொடுப்பதா என்று கேட்டார்கள். இரண்டு பக்கமும் நியாயமாகத்தான் பட்டது. எதையும் இரண்டு பக்கமும் பார்க்க என்னைக் கல்லூரி பழக்கியிருந்தது. அதற்குப் பிறகு எந்தப் பக்கம் போய் நிற்பது என்பதுதான் புரியவில்லை.

செவ்வாய்க்கிழமை ஒரு பெண் அழைத்தார். ஒன்பதாம் சாலையிலிருந்து வில்மா என்றார். ராய்ஸ் வேண்டாம் என்று சொல்ல வேண்டுமாம். குரல் எதற்குள்ளிருந்தோ வருவது போல அடைத்திருந்தது. ஆனாலும் முதல் வார்த்தையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறையில் என் சின்ன வயது முழுக்க "இன்னொரு கரண்டி வேணுமா கண்ணு?" என்று கேட்ட குரல் அது. நெல்டா ஸ்ட்ரிக்லின். ராய்ஸின் அம்மா.

மறுப்பதா, விடுவதா என்று தெரியவில்லை. திரையில் 'வில்மா, எதிர்ப்பு' என்று தட்டி இணைத்துவிட்டேன்.

"ஒண்ணு கேக்கறேன் பட்ஜ்," என்றார் வில்மா. "வெளியூர்க்காரன்னா நாலு வருஷத்துல துரத்திடலாம். நம்ம பையனைக் கூட்டிட்டு வந்து எப்படித் துரத்துவீங்க? துரத்திட்டு எந்த மூஞ்சிய வச்சுகிட்டு அவங்க வீட்டு ஆளுங்க பக்கத்துல தேவாலயத்துல உக்காருவீங்க?"

பட்ஜ் விளம்பரத்தை முன்கூட்டியே ஓடவிட்டார். நான் அவரோடு வேலை பார்த்த நாட்களில் அதற்கு முன் அப்படி நடந்ததில்லை.

இந்த ஊரில் பயிற்சியாளரைத் துரத்துவதற்கு ஒரு வழக்கம் உண்டு. அணி தொடர்ந்து தோற்றால், ஞாயிறு காலையில் அவர் வீட்டுப் புல்தரையில் 'வீடு விற்பனைக்கு' என்ற பலகை முளைக்கும். அவர் முந்தைய நாள் ஆட்டத்தின் பதிவைப் போட்டுப் பார்க்க அலுவலகம் போயிருப்பார், குடும்பம் தேவாலயத்தில் இருக்கும். திரும்பி வந்தால் வாசல் முழுக்கப் பலகைகள். வீட்டுத் தரகர்களின் பலகைகளை யாராவது முதல்நாளே கிளப்பிக்கொண்டு வந்துவிடுவார்கள். எல்லோரும் சிரிப்பார்கள், செய்தித்தாளில் படம் வரும்.

பள்ளியில் நாங்கள் மிஸ் நெல்டா என்று கூப்பிட்ட அவரும் சிரித்தவர்தான். மைதானத்தில் அவர் இருக்கை பதினான்காம் பகுதியில், பக்கத்தில் டயர் கடை ஓடிஸ் ஃபாரோ. மகன் ஆடிய காலத்தில் கணவரோடு உட்கார ஆரம்பித்த இடம். மகன் வெளியூர் போன பின்பும், கணவர் ஹாரிஸ் மாரடைப்பில் போன பின்பும் அவர் அந்த இடத்தை விடவில்லை. நடுவரின் பார்வையையும் பயிற்சியாளரின் மூளையையும் பற்றி அவர் கத்துவது நான்கு வரிசை கீழே உட்காரும் எங்களுக்குக் கேட்கும். எங்கள் அணிக்கு உழவர்கள் என்று பெயர், புள்ளி எடுக்கும்போதெல்லாம் பழைய கலப்பைத் தகட்டைச் சுத்தியலால் அடிப்பது முறை. மிஸ் நெல்டாவின் தகட்டில் நடுவே பள்ளமே விழுந்திருந்தது. திங்கட்கிழமை அதே கையால் எங்களுக்குச் சோளரொட்டி வெட்டி வைப்பார். இப்போது வீட்டுக்கு அனுப்பப்பட்ட பயிற்சியாளர் கெஸ்லரின் வாசலுக்குப் பலகைகள் போனது மிஸ் நெல்டாவின் வண்டியில் என்பது ஊரறிந்த விஷயம்.

வில்மா தினமும் அழைத்தார். புதன்கிழமை, ராய்ஸ் சிறு வயதில் தோற்றால் இரண்டு நாள் சாப்பிட மாட்டான் என்று யாரோ சொல்லக் கேள்விப்பட்டதாகச் சொன்னார். வியாழக்கிழமை, ஜெயித்தவன் புகைப்படத்திலேயே இருக்கட்டும், இறக்காதீர்கள் என்றார். மெல்ல மெல்ல மற்றவர்களின் பேச்சும் மாறத் தொடங்கியது. வில்மா சொல்றதும் சரிதானே என்று ஆரம்பித்தார்கள். வெள்ளிக்கிழமை பட்ஜ் ஒரு கணக்கெடுப்பு நடத்தினார், பாதிக்கு மேல் வேண்டாம் என்றது. கல்லூரி முடிவைத் தள்ளிப்போட்டிருப்பதாகச் செய்தி வந்தது.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மகன் வீடு திரும்புவதை ஒரு தாய் ஏன் தடுக்க வேண்டும்? இவ்வளவு தூரம் போக விட்டது என் விரல்தானே? வேலை முடிந்து ஒன்பதாம் சாலை வழியாக இரண்டு முறை வண்டி ஓட்டினேன். அவர் வீட்டுச் சமையலறையில் விளக்கு எரிந்தது. நிறுத்தவில்லை.

அடுத்த திங்கட்கிழமை ஐந்து மணி விளம்பரத்துக்குச் சற்று முன் வில்மா இணைப்பில் காத்திருந்தார். அப்போது என் இணைப்புப் பெட்டியில் இன்னொரு விளக்கு மின்னியது. கென்டக்கி எண்.

"என் பேர் ராய்ஸ்," என்றது குரல். "ரேடியோல பேச வேண்டாம். தினமும் போன்ல உங்க நிகழ்ச்சியைக் கேக்கறேன். அந்த வில்மா லைன்ல இருந்தா ஒரு நிமிஷம் குடுங்க, போதும்."

வில்மாவின் இணைப்பை எடுத்தேன். "மிஸ் நெல்டா," என்றேன்.

அவர் கேட்டார், "எப்பலேர்ந்து தெரியும்?"

"முதல் நாள்லேர்ந்து."

"அப்புறம் ஏன் விட்ட?"

தெரியவில்லை என்றேன். அது உண்மை. "ராய்ஸ் இன்னொரு லைன்ல இருக்காரு. பேசறீங்களா?"

விளம்பரம் ஓடத் தொடங்கியது. எங்கள் இணைப்புப் பெட்டி பழையது. இரண்டு பேரைச் சேர்த்தால் பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் அறுந்துவிடும். அதனால் எல்லாம் என் காதில் விழுந்தது.

"அம்மா, மூக்கைப் பிடிச்சுகிட்டுப் பேசினா எனக்குத் தெரியாதா?"

"மூக்கப் பிடிக்கல. கைக்குட்டைய வச்சுப் பேசினேன்."

ராய்ஸ் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. என்னைக் கூப்பிடுவார்கள் போலத் தெரிந்ததும் முதலில் உன்னிடம்தானே சொன்னேன், அப்போது சரி சரி என்றுதானே கேட்டுக்கொண்டாய், நான் வருவது பிடிக்கவில்லை என்றால் என்னிடமே சொல்லியிருக்கலாமே என்றார்.

"உங்கிட்ட சொன்னா நீ கேட்டிருக்க மாட்ட. ஊரே வேண்டாம்னா கேப்ப."

"ஏம்மா?"

மிஸ் நெல்டா கெஸ்லரின் மகளைப் பற்றிச் சொன்னார். இரண்டாம் வகுப்புக் குழந்தை. பலகை நட்ட மறுநாள் தட்டை நீட்டிக்கொண்டு பள்ளிச் சாப்பாட்டு வரிசையில் வந்தது. "'எங்க வீட்டை யாரோ விக்கிறாங்க மிஸ் நெல்டா, யாருன்னு அம்மாவுக்குத் தெரியலயாம்'னு சொன்னா. நான் அவ தட்டுல ரெண்டு ரொட்டி வச்சேன். வேற என்ன செய்யறதுன்னு தெரியல. அந்தப் பலகை போனது என் வண்டிலடா."

"எனக்கும் பொண்ணு இருக்கு," என்றார் ராய்ஸ்.

"அதுக்குத்தான்டா சொல்றேன்."

"நானும் அதுக்குத்தான் கேக்கறேன். ஊர் சொல்றத விடு. உனக்கு என்ன வேணும்?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பட்ஜ் விரலைச் சுழற்றினார், நேரம் முடிகிறது என்று. நான் பொத்தானிலிருந்து கையை எடுக்கவில்லை.

"நீ வரணும்," என்றார் மிஸ் நெல்டா. இப்போது கைக்குட்டை இல்லை. "நீ வரணும்னு நெனச்சுகிட்டேதான் தினமும் நாலு மணிக்குப் போனை எடுக்கறேன். எடுத்து வேண்டாம்னு சொல்லிட்டு வைக்கிறேன்."

அன்று வில்மா நிகழ்ச்சியில் பேசவில்லை. அதன் பிறகும் பேசவில்லை. பட்ஜ் பல நாள் அவரைத் தேடினார், நான் வாயைத் திறக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு முன்பே கல்லூரி ராய்ஸை அறிவித்தது. வேண்டாம் என்ற பாதிப் பேரும் கலப்பைத் தகடோடு போய் வரவேற்றார்கள்.

அடுத்த பருவம் நன்றாகத்தான் ஆரம்பித்தது. செப்டம்பர் முழுக்க மிஸ் நெல்டா இருக்கையில் உட்காரவேயில்லை, நின்றுகொண்டே பார்த்தார். அக்டோபர் கடைசியிலிருந்து வரிசையாகத் தோல்வி. திங்கட்கிழமைகளில் என் விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரிந்தன. போன வருஷம் நம்ம ரத்தம் என்ற அதே ஆட்கள், ரத்தத்தை வச்சு பந்து எறிய முடியுமா என்றார்கள். ஒவ்வொருவர் பெயரையும் கேட்டேன், என்ன சொல்லப் போகிறார்கள் என்பதைத் தட்டினேன், இணைத்தேன்.

நான்காவது தோல்விக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, எங்கள் தேவாலய வழிபாடு முடிந்து ராய்ஸின் தெரு வழியாக வந்தேன். அவர் வீட்டுப் புல்தரையின் நடுவில் மடக்கு நாற்காலி போட்டு மிஸ் நெல்டா உட்கார்ந்திருந்தார். ஞாயிறு உடை, கையில் காபிக் குடுவை. தேவாலயம் போகவில்லையா என்று கேட்டேன்.

"எத்தனை மணிக்கு வருவாங்கன்னு எனக்குத் தெரியாதா கண்ணு?" என்றார்.

நான் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் தெரு முனையில் ஒரு பழைய வண்டி திரும்பியது. மெதுவாக வந்தது, எங்களைப் பார்த்ததும் இன்னும் மெதுவானது, பிறகு நின்றது. ஓடிஸ் ஃபாரோ. பின்பக்கம் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது, ஓரத்தில் பலகைகளின் மரக்கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

வெறும் கையோடு இறங்கி வந்து நின்றார். மிஸ் நெல்டா குடுவையின் மூடியில் காபி ஊற்றி நீட்டினார்.

"நாலு தோல்வி, நெல்டா."

"எனக்கும் எண்ணத் தெரியும்."

"கெஸ்லருக்கு வச்சப்போ வண்டி ஓட்டினது நீ."

"ஆமா. இன்னிக்கு நீ ஓட்டிகிட்டு வந்திருக்க. எறக்கி நடு, நான் தடுக்கல. ஆனா இங்க, என் எதிர்ல நடு."

ஓடிஸ் காபியைப் பார்த்தார். நேற்று ஆட்டத்தின் மூன்றாம் கால் பகுதியில், இரண்டு அடி முன்னேறினாலே போதும் என்றிருந்தபோது எதற்கு அவ்வளவு நீளப் பந்து என்று கேட்டார். மிஸ் நெல்டா, அது சுத்த முட்டாள்தனம், ராத்திரியே போன் போட்டு அவனிடம் சொல்லிவிட்டேன் என்றார். இருவரும் அந்தப் பந்தைப் பற்றி நெடுநேரம் பேசினார்கள், பதினான்காம் பகுதியில் பேசுவது போலவே.

ராய்ஸின் மனைவி ஓட்டிய கார் வந்து நின்றது. சின்ன மகள் ஜூனி முதலில் இறங்கி ஓடி வந்தாள். ஓடிஸின் வண்டியைச் சுற்றினாள், மரக்கால் ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள்.

"இது என்னது?"

மிஸ் நெல்டா ஓடிஸைப் பார்த்தார்.

"பலகை," என்றார் ஓடிஸ்.

"யாருக்கு?"

ஓடிஸ் மூடியைக் கீழே வைத்தார். "வேற வீட்டுக்கு, பாப்பா," என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். தெரு முனை வரை மெதுவாகவே போனார்.

மிஸ் நெல்டா நாற்காலியை மடக்கவில்லை. இன்னும் இரண்டு வண்டிக்கு நேரம் இருக்கிறது என்றார். நான் கிளம்பும்போது, "அடுத்த ஞாயிறு அந்தக் கரை ஆட்டத்துக்கு மறுநாள். வந்தா ஒரு நாற்காலி எடுத்துட்டு வா, புல்லு ஈரமா இருக்கு," என்றார். பார்க்கிறேன் என்றேன்.

திங்கட்கிழமை நான்கு மணிக்கு முதல் அழைப்பு ஓடிஸுடையது. என்ன பேசப் போகிறீர்கள் என்று கேட்டேன். அந்த நீளப் பந்தைப் பற்றி என்றார். வேறு எதுவும் இல்லையா என்றேன்.

"இந்த வாரத்துக்கு இல்ல," என்றார்.

அதையே திரையில் தட்டி, பட்ஜுக்கு இணைத்தேன். அப்பாவின் மடக்கு நாற்காலி என் காரின் பின்பக்கம் கிடக்கிறது. எதற்கு என்று அவர் கேட்டார். ஞாயிறு சொல்கிறேன் என்றேன்.