கட்சிக்காகக் கையளித்த பாஸ்போர்ட்

ஜெர்மனியின் எசன் நகரில் ஒரு மருத்துவமனைச் சமையலறையில் என்னோடு வேலை செய்த கானாக்காரர், சொந்த ஊரில் நண்பர்களோடு சேர்ந்து ஒரு கட்சி தொடங்கியவர். முதல் தேர்தலில் அவர்களுக்குக் கட்டுக்காசும் மிஞ்சவில்லை. அடுத்ததில் அவருடைய தொகுதியில் இரண்டாமிடம். உருளைக்கிழங்கு உரித்தபடியே எல்லாவற்றையும் சொல்வார். கட்சி, இயக்கம் என்றாலே எரிச்சல் வருகிற ஆள் நான். இருந்தும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் தேர்தலுக்குள் காற்று அவர்கள் பக்கம் திரும்பிவிட்டது. சொந்தத் தொகுதியில் இவரே நிற்பதாகப் பேச்சு. ஆனால் வேறு நாட்டுக் குடியுரிமை வைத்திருப்பவர் அங்கே நாடாளுமன்றத்துக்குப் போட்டியிட முடியாது. மனுசன் ஜெர்மன் குடியுரிமையைத் துறந்து, பாஸ்போர்ட்டையும் கையளித்துவிட்டு வந்து என்னிடம் சொன்னார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அந்தப் பாஸ்போர்ட்டுக்காக அகதி விடுதியில் கிடந்து, எத்தனை டெர்மின் எடுத்து அலுவலகம் அலுவலகமாக அலைந்தவன் நான்!

நாங்கள் பேசுவது ஜெர்மன் மொழியில்தான். என் காதில் அது யாழ்ப்பாணத் தமிழாகவே விழும்.

“அண்ணை, உங்களுக்கென்ன விசரே?”

“எம்.பி. ஆனாப் பிறகு எனக்கு அது என்னத்துக்கு?” என்றார்.

வேட்பாளர் பெயரைத் தலைமை அறிவித்த ஞாயிறு, அவருடைய தொகுதியில் கட்சிக்காரர் ஆடிப்பாடும் வீடியோ ஒன்று என் போனுக்கும் வந்தது. சீட் இவருக்குத்தான் என்று நானாகவே முடிவு கட்டிவிட்டேன். பொன்னாடை போர்த்தாமல் விடலாமா? திங்கள் காலை, குங்குமச் சிவப்பில் ஒரு பட்டுச் சால்வையை எடுத்துப்போய், உடை மாற்றும் அறையில் எல்லோரும் பார்க்க அவருக்குப் போர்த்திக் கை தட்டினேன். வேறு ஒருவரும் தட்டவில்லை.

“எங்கட ஊரில சிவப்பு செத்தவீட்டுக்குப் போடுறது,” என்றார்.

பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். எதிர்க்கட்சியிலிருந்து கடைசி நேரத்தில் தாவி வந்த ஒரு பணக்கார வியாபாரிக்குச் சீட்டைக் கொடுத்துவிட்டார்கள். வீடியோவில் ஆடியது அந்த ஆளின் கூட்டம்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. சால்வையை எடுக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டார்.

“விடும். பின்னேரம் இஞ்ச எங்கட கட்சிக் கிளைக் கூட்டம் இருக்கு. இதோடயே போறன்.”

தேர்தலில் கட்சி வென்றது. அந்தத் தொகுதியையும் வென்றது. முடிவு வந்த அன்று அவருக்கு வெளிநாட்டவர் அலுவலகத்தில், வதிவிட அனுமதிக்காக, டெர்மின். நானும் கூடப் போனேன். எந்த நாட்டவர் என்று உத்தியோகத்தர் கேட்டார். “ஜெர்மன்,” என்று வாய் தவறித் தொடங்கிய கானாக்காரர், “இல்லை, கானா,” என்று திருத்தினார்.