புதிதாக வந்தவர்களிடம் என்ன கேட்பது

தமிழ்ச் சங்கத் தலைவர் இருந்தார். அவர் மனைவி இருந்தார். மடியில் லேப்டாப்போடு செயலாளர் இருந்தார். போன வருடம் குபெர்டினோவிலிருந்து மாறி வந்தவர் இருந்தார். அங்கே எல்லாம் எப்படிச் செய்வார்கள் என்று சொல்வதுதான் இங்கே அவர் வேலை. கடைசியாக நான். இங்குள்ள இந்திய மளிகைக் கடைச் சமையலறையில் மாஸ்டர். மெனு பேசக் கூப்பிட்டார்கள். பேசி முடித்த பிறகு யாரும் போகச் சொல்லவில்லை. உட்கார்ந்திருந்தேன்.

பேர்லேண்டில் தலைவர் வீடு. அடுத்த ஞாயிறு, புதிதாக ஊருக்கு வந்த குடும்பங்களுக்கு வரவேற்பு. வருகிறவர்கள் கூச்சம் விட்டுப் பழக ஐஸ்பிரேக்கர் கேள்வி வேண்டுமாம். அதைத் தேர்ந்தெடுக்க இரண்டரை மணி நேரம். அதற்குள் நான் நூறு பேருக்குச் சாம்பார் வைத்து இறக்கிவிடுவேன்.

எங்கே வேலை என்று கேட்கலாம் என்றார் செயலாளர். வேலை போனவர் யாராவது இருந்தால் சங்கடம் என்று எடுத்துவிட்டார்கள். எந்த ஊர் என்று கேட்டால் சுற்றிவளைத்துச் சாதி கேட்பது போலிருக்கும் என்றார் தலைவரின் மனைவி. அதுவும் போனது. கடைசியில் குபெர்டினோக்காரர் ஒன்று கொடுத்தார். நீங்கள் ஒரு டிபனாக இருந்தால் எந்த டிபன்? எல்லாரும் சிரித்தார்கள். செயலாளர் லேப்டாப்பில் தட்டிக்கொண்டார். இருபத்தாறு வருடமாக டிபன் போடுகிறேன். எந்த டிபனுக்கும் இந்த நிலைமை வந்ததில்லை.

எனக்கு ஒரு காரியம் இருந்தது. எங்கள் அபார்ட்மெண்டில் மேல்வீட்டுப் பெண்ணுக்கு ஏழாம் மாதம். இங்கே வந்து ஆறு வாரம். வண்டி ஓட்டத் தெரியாது. புருஷனுக்குப் புது வேலை, லீவு கேட்கப் பயம். இரண்டு வாரத்துக்கு ஒரு செவ்வாய், காலை பத்து மணிக்குச் செக்கப். ஒரு தடவை நான் கூட்டிப்போனேன். மறுதடவை கடையில் விடவில்லை. டாக்ஸியில் போனாள். திரும்பும் வழியில் வாந்தி எடுத்தாள். டிரைவர் பெட்ரோல் போடும் ஒரு கேஸ் ஸ்டேஷனில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். இனி செக்கப்பே வேண்டாம் என்று உட்கார்ந்திருந்தாள்.

அதனால் நானும் ஒரு கேள்வி சொன்னேன்.

"எங்கயாவது போக வண்டி வேணுமானு கேளுங்க."

செயலாளரின் விரல் நின்றது.

"மாஸ்டர், அது ஐஸ்பிரேக்கர் இல்ல," என்றார் தலைவர். "யெஸ்னு சொல்லிட்டா யாரு டிரைவ் பண்றது?"

மனிதர் ஒளிக்கவில்லை, அதுவரை சரி. மேல்வீட்டுப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். பாவம் என்றார்கள். பிறகு பேனர் என்ன கலர் என்று பேசினார்கள். பதில் வந்தால் எழுந்து போகவேண்டிய கேள்வி ஒன்றுகூட அந்த லேப்டாப்பில் இல்லை.

ஞாயிறு அன்று அவளையும் புருஷனையும் நானே கூட்டிப்போனேன். வாசலில் நின்ற வண்டிகளில் பாதி, ஏழு பேர் உட்காரும் வண்டி. உள்ளே மைக் சுற்றிவந்தது. ஒருவர் பொங்கல். ஒருவர் மசால் தோசை. அவள் முறை வந்ததும் இட்லி என்றாள். கைதட்டினார்கள். சோ க்யூட் என்றார் தலைவரின் மனைவி. மைக் நகர்ந்துவிட்டது.

அவளிடம் போய், கேட்கட்டுமா என்றேன். தலையாட்டினாள். கரண்டியை வைத்துவிட்டுப் போய் மைக்கை வாங்கினேன்.

"வர்ற செவ்வாய் காலைல பத்து மணிக்கு இந்தப் பொண்ண டாக்டர்கிட்ட கூட்டிப்போய்க் கூட்டிவர யாரால முடியும்? கை தூக்குங்க."

அறுபத்திரண்டு பேர். பாதிப்பேர் போனைப் பார்த்தார்கள். மீதிப்பேர் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். நல்ல டிரைவிங் ஸ்கூல் நம்பர் அனுப்புகிறேன் என்றார் குபெர்டினோக்காரர். அதற்கும் இரண்டு பேர் கைதட்டினார்கள்.

தூக்கிய கை இரண்டு. அதில் ஒருவர், "இதுவும் கேம்தானா அண்ணா?" என்று கேட்கத் தூக்கியவர்.

அவரைக் கழித்தேன். ஒன்று.